கார் வராத பத்து கிலோமீட்டர்

போன மாதம் தோழி ஒருத்தி போனில் கேட்டாள்: "ராயல் நேஷனல் பார்க்குல கார் வராத சைக்கிள் பாதை இருக்காமே, நானும் பசங்களும் போகலாமா?" தாராளமாகப் போகலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தப் பாதையில் நான் முதல் தடவை தனியாகப் போய்ப் பட்டதைச் சொல்லாமல் அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தது முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதையே இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் சிட்னிக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. தூத்துக்குடியில் பள்ளிக்கூடம், டியூஷன், கடை எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். இங்கே வந்த பிறகு எட்டு வருடம் தொடவே இல்லை. காரணம் பயம். அறுபது, எழுபது வேகத்தில் தோளை உரசிக்கொண்டு போகும் வண்டிகளுக்கு நடுவே ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் பழைய டூரிங் சைக்கிள் ஒன்றை வாங்கியதும் பாரமட்டா ஆற்றோரப் பாதையிலும், எம்7 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் நாற்பது கிலோமீட்டர் நீளும் சைக்கிள் பாதையிலும் மட்டுமே ஓட்டினேன். இரும்புச் சட்டம், பின்னால் கேரியர், இரண்டு பக்கமும் பை மாட்டலாம். அதைப் பார்த்தபோதே மனதில் ஓர் ஆசை விழுந்தது. சிட்னிக்குத் தெற்கே இருக்கும் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு ஒருநாள் சைக்கிளில் போக வேண்டும். 1985இல் கும்பாபிஷேகம் ஆன கோயில் அது. நம்மவர்கள் எல்லோரும் காரில் போய் சாமி கும்பிட்டு, கேன்டீனில் தோசை சாப்பிட்டுத் திரும்புகிற இடம். அதற்குப் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய காடு கடல்வரை கிடக்கிறது என்பதே பல வருடம் என் கண்ணில் படவில்லை.

அந்தக் காடுதான் ராயல் நேஷனல் பார்க். தராவல் என்ற பூர்வகுடி மக்களின் மண். 1879இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குள் ஹாக்கிங் ஆற்றை ஒட்டி லேடி கேரிங்டன் டிரைவ் என்று ஒரு பழைய பாதை போகிறது. 1880களில் குதிரை வண்டிகளுக்காக வெட்டியது, அன்றைய கவர்னரின் மனைவி பெயர் வைத்தது. இப்போது கார்களுக்கு அனுமதி இல்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும். ஆட்லியில் தொடங்கி தெற்கே சர் பெர்ட்ரம் ஸ்டீவன்ஸ் டிரைவ் என்ற தார் ரோட்டில் முடிகிறது, சுமார் பத்து கிலோமீட்டர். வரைபடத்தில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்ததும் எனக்காகவே போட்டது போல இருந்தது. அங்கிருந்து மேலே ஏறி வாட்டர்ஃபால் ஸ்டேஷன், அங்கிருந்து பழைய பிரின்சஸ் ஹைவேயில் ஏழெட்டு கிலோமீட்டரில் கோயில். மத்தியானப் பூஜைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். பையில் பருத்திப் புடவை ஒன்று, அர்ச்சனைக்கு ஒரு தேங்காய், ஒரு டியூப், பம்பு, தண்ணீர். மொத்தம் ஒன்பது கிலோ.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தீனாவிலிருந்து ஆட்ஃபோர்டு வரை கடலோரமாக 26 கிலோமீட்டர் போகும் கோஸ்ட் டிராக் என்ற பாதையும் அதே வரைபடத்தில் தெரியும். பார்க்க அழகான கோடு. ஆனால் அது நடப்பவர்களுக்கு மட்டும், சைக்கிள் கூடாது. வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே சைக்கிள் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் முதலில் திட்டம் போட்டதே அதற்குத்தான். கடைசி நேரத்தில் பூங்காவின் அறிவிப்பைப் படித்ததால் தப்பித்தேன்.

ஜூன் மாதம், சனிக்கிழமை. காலை எட்டரைக்கு வென்ட்வர்த்வில்லில் ரயில் ஏறினேன். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டாம், அதுவரை நிம்மதி. சென்ட்ரலில் மாறித் தெற்கே போனால் பாதி வழியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். தண்டவாள வேலை, மிச்ச தூரத்துக்குப் பேருந்து. வந்த முதல் பேருந்தின் டிரைவர் என் சைக்கிளைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டார். மடக்குகிற சைக்கிள் என்றால் ஏற்றலாம், இது முடியாது. இரண்டாவது பேருந்திலும் அதே பதில். அவர்கள் மேல் தப்பில்லை, விதி அதுதான். எனக்குத்தான் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றேன். திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் இத்தனை நாள் ஆசைப்பட்டது விடவில்லை. பெரிய டாக்சி பிடித்து 58 டாலர் கொடுத்து, பூங்காவின் வடக்கு முனைக்குப் பக்கத்தில் இருக்கும் லாஃப்டஸ் போனேன். வார இறுதியில் சிட்னி ரயிலை நம்பி சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் முந்தின ராத்திரியே தண்டவாள வேலை அட்டவணையைப் பாருங்கள். போகும் வழிக்கு மட்டும் பார்த்தால் போதாது, திரும்பும் வழிக்கும் பாருங்கள். இந்தத் திரும்பும் வழிதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

லாஃப்டஸிலிருந்து ஆட்லிக்கு இறங்கும் ஃபார்னெல் அவென்யூ செங்குத்தான, வளைந்த ரோடு. கார்கள் வரும். முந்தின மூன்று நாள் மழை பெய்திருந்ததால் ஓரமெல்லாம் ஈர இலை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கியதில் கை விரல்கள் மரத்துப்போயின. 'கார் வராத பாதை' என்று நாம் சொல்வது கேட்டுக்கு உள்ளே இருக்கும் அந்தப் பத்து கிலோமீட்டரைத்தான். அதன் இரண்டு முனைக்கும் போய்ச் சேர கார் ரோட்டில்தான் போக வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் மலை. குழந்தைகளோடு போகிறவர்கள் காரிலேயே ஆட்லி வரை சைக்கிள்களைக் கொண்டுபோய், உள்ளே ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பினால் போதும். காருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஆட்லியில் ரோடு ஆற்றைக் கடப்பது ஒரு தாழ்ந்த தடுப்பணை மேல். நல்ல மழை பெய்தால் அது மூழ்கி ரோட்டையே மூடிவிடுவார்கள். அன்று திறந்திருந்தது. தண்ணீர் டீ நிறத்தில் விளிம்போடு போய்க்கொண்டிருந்தது. கிளம்பும் முன் பூங்காவின் எச்சரிக்கைப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கோடையில் தீத்தடை நாட்களுக்கும் அதே பக்கம்தான் வழி. 1994 ஜனவரித் தீயில் பூங்காவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிந்தது என்று பிறகு படித்தேன். சும்மா மூடுவதில்லை அவர்கள்.

கேட்டைத் தாண்டும்போது மணி ஒன்றே கால். நினைத்ததைவிட மூன்று மணி நேரம் தாமதம். உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடம் அதையெல்லாம் மறந்துவிட்டேன். வண்டிச் சத்தம் அடியோடு நின்றுவிடுகிறது. வலது பக்கம் ஆறு, இடது பக்கம் மணற்பாறைச் சுவரில் தண்ணீர் கசிந்து பாசி மின்னுகிறது. பனையைப் போலவே நெடுநெடுவென்று நிற்கும் கேபேஜ் ட்ரீ பனைகளைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. குதிரை வண்டிக்காகப் போட்டதால் பெரிய ஏற்றமே கிடையாது. பாதையின் நடுவில் ஒரு லயர் பறவை கோழி போல மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நான் நின்று பார்த்தேன், அது என்னைச் சட்டை செய்யவில்லை. அந்த ஒரு மணி நேரம் கொடுத்த சந்தோஷம் உண்மை. அதனால்தான் இவ்வளவு பட்டும் அந்தப் பாதையை விட்டுவிடாமல் திரும்பப் போனேன்.

பாதையின் தரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய தார் அங்கங்கே திட்டுத் திட்டாக, நடுவில் சரளை, மழைக்குப் பிறகு சேறு, எல்லாவற்றின் மேலும் யூக்கலிப்டஸ் பட்டையும் சுள்ளியும். என்னுடையது 32 மில்லிமீட்டர் வழுவழு டயர். குறைந்தது நாற்பது மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், கொஞ்சம் பல் இருந்தால் நல்லது. ஆறரை கிலோமீட்டர் வந்திருப்பேன். கட்டைவிரல் கனமுள்ள சுள்ளி ஒன்று முன்சக்கரம் ஏறியதில் எகிறிப் பின்சக்கரத்துக்குள் போனது. எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பெடல் கல்லாய் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் கியர் மாற்றும் டிரெயிலியர் பிய்ந்து போக்ஸ் கம்பிகளுக்குள் சுருண்டு கிடக்கிறது. இரண்டு கம்பி போய்விட்டது. டிரெயிலியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு பாதியாக உடைந்திருந்தது. சட்டம் வளையக் கூடாது என்பதற்காக அது உடையும்படியே செய்திருக்கிறார்கள் என்று கடையில்தான் தெரிந்துகொண்டேன். நான் பஞ்சருக்கு மட்டும் தயாராகப் போயிருந்தேன்.

போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் மலை, ஒரு கோடு கூட வரவில்லை. அப்போதும் பெரிதாகப் பயப்படவில்லை. யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். ஐம்பது நிமிடம் அந்த டிரெயிலியரோடு போராடினேன், ஒருத்தரும் வரவில்லை. கார் வராத ரோட்டில் நமக்கு உதவி செய்கிற கார்க்காரரும் வரமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் தடவையாக வயிற்றைப் பிசைந்தது. தலைமுடி ரப்பர் பேண்டால் தொங்கிய டிரெயிலியரைச் சட்டத்தோடு கட்டிவிட்டு யோசித்தேன். பின்னால் ஆறரை, முன்னால் மூன்றரை. முன்னால் போவதே சரி என்று தள்ள ஆரம்பித்தேன்.

அந்த முடிவு தப்பு. திரும்பி ஆட்லிக்குப் போயிருந்தால் தூரம் கூடினாலும் பாதை சமதளம், சறுக்கல் வரும் இடத்தில் ஏறி உட்கார்ந்து உருட்டியிருக்கலாம், போய்ச் சேரும் இடத்தில் ஆட்கள் இருப்பார்கள். தெற்கு முனையில் எனக்காக இருந்தது வெறும் ரோடும், அதற்குப் பிறகு வாட்டர்ஃபாலுக்கு ஏறும் மெக்கெல் அவென்யூவின் மூன்று நான்கு கிலோமீட்டர் ஏற்றமும்தான். பழுதாகி நிற்கும்போது கிலோமீட்டரை மட்டும் எண்ணாதீர்கள். எந்த முனையில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

போகும் வழியில் ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. பைகளைக் கழற்றி அந்தப் பக்கம் வீசி, சைக்கிளைத் தோளில் தூக்கி, வழுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கடந்தேன். சாக்ஸைக் கீழே இறக்கிப் பார்த்தால் மூன்று அட்டைகள். தெற்குக் கேட்டுக்கு வரும்போது மணி நாலே முக்கால். ஜூனில் சிட்னியில் சூரியன் ஐந்துக்கு முன்பே போய்விடும். பள்ளத்தாக்குக்குள் அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே வெளிச்சம் செத்துவிடுகிறது. என்னிடம் இருந்தது மினுக்கும் சின்ன விளக்கு மட்டும். நடைபாதை இல்லாத ரோட்டில், இருட்டில், போன் டார்ச்சைப் பின்பக்கம் தெரியும்படி பையில் சொருகிக்கொண்டு ஏற்றத்தில் தள்ளினேன். நான் எந்தக் கார்களுக்குப் பயந்து இந்தப் பாதையைத் தேடினேனோ அதே கார்கள் வளைவில் திடீர் திடீரென்று வந்தன. ஒவ்வொரு தடவையும் சைக்கிளோடு புதருக்குள் ஒதுங்கினேன். காட்டுக்குள்ளிருந்து ஒரு மிருகம் கரகரவென்று குரைத்தது. மான் என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது என்னவென்று தெரியாது. அழுதேன். சத்தம் போட்டே அழுதேன்.

பாதி ஏற்றத்தில் போன் துடித்தது, இவரிடமிருந்து பதினொரு மிஸ்டு கால். மகனின் கிரிக்கெட் மேட்ச் முடிந்து வீட்டுக்கு வந்து என்னைக் காணாமல் தவித்திருக்கிறார். "எங்கம்மா இருக்க?" என்றதற்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நான் எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கோயிலுக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர் கோயில் பக்கம் தேடிக்கொண்டிருந்திருப்பார், நான் அதற்குப் பல மைல் வடக்கே காட்டுக்குள் கிடந்திருப்பேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. நியூ சவுத் வேல்ஸில் காட்டுக்குள் போகிறவர்கள் பயணத் திட்டத்தை இணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம், சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் தேடுவதற்கு அது உதவும். குறைந்தபட்சம் வீட்டில் ஒருத்தரிடம் வழியையும் நேரத்தையும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். எமர்ஜென்சி பிளஸ் என்ற ஆப்பை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் நிற்கும் இடத்தின் எண்களை அது காட்டும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அவசர உதவி எண்ணான 000க்கு அழைப்பு போகும். எதுவுமே எட்டாத இடங்களும் உள்ளே உண்டு.

ஆறு மணி தாண்டி வாட்டர்ஃபால் ஸ்டேஷனை அடைந்தேன். ரயில் இல்லை, பேருந்துதான், சைக்கிள் ஏறாது. வேர்த்த சட்டை முதுகில் பனிக்கட்டியாக ஒட்டியது. பையைத் துழாவியபோது கோயிலில் கட்ட வைத்திருந்த புடவை கையில் பட்டது. அதை நாலாக மடித்துத் தலையோடு போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கஞ்சிப் பசை வாசனையும் பீரோ வாசனையுமாக இருந்தது. பக்கத்தில் உடையாத தேங்காய். ஏழே காலுக்கு இவர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

கதை அதோடு முடியவில்லை. திங்கட்கிழமை காலை காதுக்குப் பின்னால் ஏதோ தடித்திருந்தது. உண்ணி. ஊர் வழக்கப்படி புருவம் பிடுங்கும் கிடுக்கியால் பிடுங்கினேன். சாயங்காலத்துக்குள் கழுத்துவரை வீங்கிவிட்டது. இந்தக் கடலோரக் காட்டு உண்ணியைப் பிடுங்கவோ நசுக்கவோ கூடாதாம். அழுத்தும்போது அதன் எச்சில் நமக்குள் போய் ஒவ்வாமை வரும். மருந்துக் கடையில் உறைய வைக்கும் ஸ்ப்ரே கிடைக்கிறது, அதை அடித்து அங்கேயே கொன்றுவிட வேண்டும் என்றார் டாக்டர். இந்தக் கடியால் சிலருக்கு வாழ்நாள் முழுக்க ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஒத்துக்கொள்ளாமல் போகிறது. காட்டிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுக் காது மடல், முடியோரம், அக்குள், இடுப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் பாருங்கள்.

டாக்சி 58, சைக்கிள் பழுது 265, டாக்டருக்கு 45. மொத்தம் 368 டாலர், கூடவே ஒருநாள் விடுப்பும். பழுதில் பாதி என் அறியாமைக்குக் கொடுத்த விலை. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஹேங்கர் வேறு வேறு வடிவம், அவசரத்துக்குக் கடையில் கிடைக்காது. உங்கள் மாடலுக்கு ஒன்று முன்பே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், செயின் கழற்றும் கருவியும், அறுத்த செயினைத் திரும்ப இணைக்கும் குயிக் லிங்க் ஒன்றும். டிரெயிலியர் போனால் அதைக் கழற்றிவிட்டு, செயினைச் சுருக்கி, முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் நடுவில் ஒன்று என்று நேர்க்கோட்டில் மாட்டினால் ஒரே கியரில் வீடு வந்து சேரலாம். கடைக்காரர் கால் மணி நேரத்தில் செய்து காட்டினார். எனக்கு முதலில் நாற்பது நிமிடம் ஆனது, வீட்டுக் கராஜில் மூன்று தடவை செய்து பார்த்த பிறகு பதினைந்து. இது தெரிந்திருந்தால் அன்று மத்தியானம் மூன்றரைக்குள் வெளியே வந்திருப்பேன்.

ஆகஸ்ட் கடைசியில் திரும்பப் போனேன். ரயில் அட்டவணை பார்த்து, தடுப்பணை திறந்திருக்கிறதா என்று பார்த்து, வீட்டில் எழுதிக் கொடுத்து. இந்தத் தடவை திசையை மாற்றினேன். வாட்டர்ஃபால் உயரத்தில் இருப்பதால் அங்கே ரயிலில் இறங்கி, காலையிலேயே கோயில் போய்த் திரும்பி, மெக்கெல் அவென்யூவில் இறங்கி, லேடி கேரிங்டன் டிரைவில் தெற்கிலிருந்து வடக்கே வந்தால் பெரும்பாலும் இறக்கம். அன்று அழுதுகொண்டு தள்ளிய ஏற்றம் பத்து நிமிடச் சறுக்கலானது. கடைசியில் ஆட்லியிலிருந்து லாஃப்டஸ் ஏற்றம் ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிக்கொண்டு ஏறினாலும் போதும். பழைய ஹைவேயில் கார்கள் உண்டு. காலை எட்டு மணிக்கு முன் அது அமைதியாக இருந்தது. மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவைகள் தலையைக் கொத்த வரும் பருவம் தொடங்கியிருந்தது. ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயம், அதன் அருமை அப்போது தெரிந்தது.

கோயிலில் முகம் கழுவி அதே புடவையைக் கட்டிக்கொண்டேன். தேங்காய் மட்டும் புதுசு. கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "சைக்கிளிலையோ வந்தனீங்கள் பிள்ளை? தனியவோ?" என்றார். ஆமாம் என்றதும் தன் தட்டில் இருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தார். புளியோதரை ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

விழுந்து கிடந்த அந்த மரத்தை ரேஞ்சர்கள் நடுவில் அறுத்து வழி விட்டிருந்தார்கள். அறுத்த முகம் இன்னும் சிவப்பாக இருந்தது. அதன் மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். மணி பதினொன்றரை. சிக்னல் இல்லை. ஆற்றங்கரைப் பக்கம் புதருக்குள் அந்த லயர் பறவையோ இன்னொன்றோ, சர் சர்ரென்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.